பாகவதர் ஒடுங்கிப்போனாரா?

கேள்வி: பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாடகரும் நடிகருமான எம்.கே.தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் சேர்ந்தே சிறைக்குப் போனார்கள், சேர்ந்தே விடுதலையானார்கள். கலைவாணர் மறுபடி ஜெயித்தார். பாகவதர் காணாமல் போனார். மனதைரியம் இருந்தவர் எழுந்தார், இல்லாதவர் ஒடுங்கினார் என்று நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. பாகவதருக்கு நீங்கள் பெரிய அநியாயம் செய்கிறீர்கள்.

1947-ல் வெளியே வந்தபோது யார் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். கலைவாணருக்கு ஒரு நாடக சபா இருந்தது. அவர் உள்ளே இருந்த காலத்தில் மனைவி டி.ஏ.மதுரமும் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் விடாமல் பாடுபட்டார்கள். 'பைத்தியக்காரன்' படத்தையும் தொடங்கிவிட்டார்கள். விடுதலையானதும் அதிலேயே அவர் நடித்தார். அப்புறம் அண்ணாதுரையின் எழுத்தில் 'நல்லதம்பி' (1949). சிரிக்க வைத்துக்கொண்டே சீர்திருத்தம் பேசுவது அவருக்குப் புதிதே இல்லை. சினிமாதான் அவர் பக்கம் நகர்ந்து வந்திருந்தது.

பாகவதருக்கு எல்லாமே பாட்டு. 'பவளக்கொடி' (1934) முதல் 'ஹரிதாஸ்' (1944) வரை பத்து வருஷம் ஜனங்கள் கொட்டகைக்குப் போனதே அந்தக் குரலைக் கேட்கத்தான். 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நாயகன் கைதியாக இருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது. அவர் திரும்பி வந்தபோது, நடிப்பவருக்காக வேறொருவர் பாடுவது சகஜமாகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் வசனத்துக்காகவே படம் பார்க்கப் போனார்கள். வசனத்துக்குப் பேர்போன 'பராசக்தி' வந்தது 1952-ல். பாகவதரின் 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் அதே வருஷத்துப் படங்கள்தான்.

அந்தப் பாணிப் பாட்டு ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்றும் நான் நினைக்கவில்லை. பின்னணிப் பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் 'கிருஷ்ண விஜயம்' (1950) படத்தில் பாகவதரின் அடியொற்றிப் பாடித்தானே அறிமுகமானார்? பாடுகிறவரே நடிக்கவும் வேண்டும் என்ற தேவைதான் போய்விட்டது.

சந்தேகமிருந்தால் டி.ஆர்.மகாலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் பாடி நடித்தவர், ஆனால் எந்த வழக்கிலும் சிக்காதவர். 'ஸ்ரீவள்ளி' (1945), 'நாம் இருவர்' (1947) என்று உச்சத்தில் இருந்தவர். ஐம்பதுகளில் அவரும் சரிந்தார். சொந்தப் படங்கள் எடுத்து நொடித்துப்போனார். கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) வந்துதான் அவரைத் தூக்கிவிட்டது. பாகவதரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர், அதனால் காத்திருக்க முடிந்தது. பாகவதருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கலைவாணர் 1957-ல் போனார், பாகவதர் 1959-ல். இரண்டு பேருமே ஐம்பது வயதைத் தொடவில்லை. எழுந்தவர், விழுந்தவர் என்று பிரித்து வைக்கிறீர்களே, இருவருக்கும் கிடைத்த காலமே அவ்வளவுதான்.

இனி மனதைரியம். சிறையிலிருந்து வந்த மறுவருஷமே பாகவதர் 'ராஜமுக்தி'யைச் சொந்தமாகத் தயாரித்து நடித்தார். அது தோற்றது. 1952-ன் இரண்டு படங்களும் கைகொடுக்கவில்லை. 1957-ல் 'புதுவாழ்வு' படத்தைத் தானே இயக்கி நடித்தார். அதுவும் போயிற்று. அதற்குப் பிறகும் விடாமல் 'சிவகாமி'யில் நடித்தார். அது திரைக்கு வந்த 1960-ல் அவர் உயிரோடு இல்லை. ஒடுங்கிப்போன ஆள் செய்கிற காரியமா இதெல்லாம்? அடுத்த முறை நண்பர்களிடம் பேசும்போது இந்தப் படங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.