பார்த்தார்கள், சரி; பிறகு என்ன செய்தார்கள்? மக்கள் தொடர்புப் பிரசாரம் குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிரசாரம் முடிந்த பிறகு அதை எப்படி அளப்பது என்பதைப் பற்றியவை. அளக்கும் முறையைப் பிரசாரம் தொடங்கும் முன்பே முடிவு செய்திருந்தால் இவற்றில் பாதி எழுந்திருக்காது என்பதால், பதில்கள் அடிக்கடி திட்டமிடும் கட்டத்துக்கே திரும்பிச் செல்வதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு பிரசாரம் முடிந்ததும் பத்திரிகை நறுக்குகளைத் தொகுத்து, அவை விளம்பரமாக வந்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை மூன்றால் பெருக்கி மேலிடத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். புதிய இயக்குநர் இது தவறு என்கிறார். அப்படியானால் எதைக் காட்டுவது?

இயக்குநர் சொல்வது சரி. 2010ஆம் ஆண்டு பார்சிலோனாவில் கூடிய தொடர்பியல் அளவீட்டு வல்லுநர்கள் ஏழு கோட்பாடுகளை வகுத்தபோது, விளம்பரக் கட்டண மதிப்பு என்பது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்பதை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார்கள். 2015லும் 2020லும் அக்கோட்பாடுகள் திருத்தப்பட்டபோதும் இந்த நிலைப்பாடு மாறவில்லை. உங்களைப் பாராட்டும் செய்தியும் உங்களைக் கண்டிக்கும் செய்தியும் ஒரே பக்கத்தில் ஒரே அளவு இடத்தைப் பிடித்தால், இந்தக் கணக்குப்படி இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். தவறான செய்தி ஒன்று அச்சேறும் முன்பே உரிய விளக்கம் கொடுத்து அதைத் தடுத்த அலுவலரின் உழைப்புக்கோ மதிப்பு சுழியம். மூன்றால் பெருக்குவது ஏன் என்று கேட்டுப் பாருங்கள்; விளம்பரத்தைவிடச் செய்திக்கு நம்பகம் அதிகம் என்பார்கள். அது ஏன் இரண்டோ ஏழோ ஆகாமல் மூன்றாக இருக்கிறது என்று கேட்டால், வழக்கம் என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காது.

இதற்கு மாற்றாகப் படிப்படியான ஒரு சங்கிலியைக் காட்டுங்கள். இரத்ததான முகாம் ஒன்றுக்கான பிரசாரம் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை செய்திக்குறிப்புகள் அனுப்பினோம், அவற்றில் எத்தனை வெளிவந்தன என்பவை முதல் இரண்டு படிகள்; பெரும்பாலான அறிக்கைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. செய்தியைப் படித்தவர்களுக்கு எது நினைவில் நின்றது, எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த முகாமுக்கும் வந்தார்கள் என்று மேலேறிச் செல்ல வேண்டும். இவற்றைப் பின்னர் தேடிப் பிடிக்க முடியாது. செய்திக்குறிப்பின் அடியில் அந்தப் பிரசாரத்துக்கென்றே தனியாக ஒரு தொலைபேசி எண்ணையோ இணைய முகவரியையோ கொடுப்பதும், பதிவுப் படிவத்தில் "இதைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று ஒரு வரி சேர்ப்பதும் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். நறுக்குகளை வீசிவிட வேண்டாம். அறிக்கையின் பின்னிணைப்பில் அவற்றுக்கு இடம் உண்டு.

கேள்வி: இளைஞர், முதியோர், பெண்கள், அலுவலர்கள் என்று எங்கள் இலக்குக் குழுக்களைப் பிரித்துத் தனித்தனியே சுவரொட்டிகள் தயாரித்தோம். உழைப்பு கூடியதே தவிரப் பலனில் வேறுபாடு தெரியவில்லை. எங்கே பிழை?

வயதும் பாலினமும் பிரிப்பதற்கு எளிதான கோடுகள். ஆனால் மனிதர்கள் ஒரு செய்தியை ஏற்பதும் தள்ளுவதும் அந்தக் கோடுகளின்படி நடப்பதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் க்ரூனிக் பிரச்சினையை மையமாக வைத்துக் குழுக்களைப் பிரித்தார். இதை ஒரு பிரச்சினை என்று இவர் உணர்கிறாரா, அது தம்மைத் தொடுகிறது என்று கருதுகிறாரா, தம்மால் ஏதேனும் செய்ய முடியாதபடி தடை இருப்பதாக நினைக்கிறாரா என்ற மூன்றும்தான் அவருடைய கேள்விகள். இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமை எடுத்துக்கொண்டால், தந்தைக்குப் பக்கவாதம் வந்ததை அருகிருந்து பார்த்த 25 வயது மகன் தானாகவே தகவல் தேடி வருவான். தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பும் 60 வயதுக்காரர் உங்கள் சுவரொட்டியின்மேல் சாய்ந்து நின்றுகொண்டே அதைப் படிக்காமல் போவார். முன்னவருக்கு இடமும் நேரமும் தெரிந்தால் போதும். பின்னவருக்கோ அறிகுறி எதுவும் இல்லாமலே இந்த நோய் இருக்கக்கூடும் என்ற ஒரே செய்தியை, அவர் மதிக்கும் ஒருவரின் வாயிலிருந்து கேட்கவைக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு குழு இருக்கிறது. பிரச்சினையும் தெரியும், தம்மைத் தொடும் என்பதும் தெரியும், ஆனால் முகாம் நடக்கும் நேரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். இவர்களிடம் எந்தச் சுவரொட்டியும் எடுபடாது. முகாமின் நேரத்தை மாலைக்கு மாற்றும்படி நிர்வாகத்திடம் வாதாடுவதே இங்கே மக்கள் தொடர்பு அலுவலரின் பணி. இதை நம்மவர்கள் பலர் தங்கள் வேலையாகவே கருதுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

எத்தனை குழுக்கள் வைத்துக்கொள்ளலாம் என்றால், எத்தனைக்குத் தனித்தனியே எழுதவும் தனித்தனியே அளக்கவும் உங்களால் முடியுமோ அத்தனைதான். சொல்லும் விதம் மாறலாம். உண்மைத் தகவல் மாறக்கூடாது. ஒரு குழுவுக்கு அனுப்பியது ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப் வழியாக மற்றவர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கேள்வி: பிரசாரத்துக்கு முன் 400 பேரிடமும் பின் வேறு 400 பேரிடமும் கருத்துக்கணிப்பு நடத்தினோம். திட்டத்தை அறிந்தவர்கள் 31 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்திருக்கிறார்கள். இதை வெற்றி என்று அறிவிக்கலாமா?

பிரசாரத்துக்கு முன்பே ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அறிவிக்க வேண்டாம். முறைப்படி தெரிவு செய்த 400 பேர் கொண்ட ஒரு மாதிரியிலேயே ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாகவோ குறைவாகவோ பிழை வர இடமுண்டு. இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது, உங்கள் எண்களுக்கு, ஆறரைப் புள்ளிகளுக்குக் குறைந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். "உயர்ந்திருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று எழுதுவதே நேர்மை. 31லிருந்து 36க்கு ஏறியதை "16 விழுக்காடு வளர்ச்சி" என்று எழுதச் சொல்லி யாரேனும் யோசனை கூறுவார்கள். கணக்கு சரியே என்றாலும் 5 புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும் அந்த வித்தைக்கு இடம் கொடுக்காதீர்கள். அடுத்த முறை, பிரசாரம் சென்று சேராத, மற்றபடி ஒத்த தன்மையுள்ள ஒரு பகுதியிலும் அதே கேள்விகளைக் கேளுங்கள். அங்கேயும் 5 புள்ளிகள் ஏறியிருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் உங்கள் பிரசாரமாக இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: எங்கள் விழிப்புணர்வுக் காணொளியைப் பார்க்காதவர்களே இல்லை எனலாம். ஆனாலும் நடத்தையில் மாற்றம் இல்லை. இப்படியும் நடக்குமா?

நடக்கும்; நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் இளையோரைப் போதைப்பொருளிலிருந்து விலக்கி வைப்பதற்கான தேசிய ஊடகப் பிரசாரத்துக்கு 1998 முதல் 2004 வரை அந்நாட்டு நாடாளுமன்றம் ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒதுக்கியது. இளையோரில் 94 விழுக்காட்டினர் மாதம் ஒரு விளம்பரத்தையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். சென்றடைவதை மட்டும் அளந்திருந்தால் அதற்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். ஆனால் அரசே ஏற்பாடு செய்த மதிப்பீட்டில் கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. மாறாக, விளம்பரங்களை அதிகம் பார்த்தவர்களிடம் போதைப்பொருளுக்கு எதிரான மனநிலை பின்னர் சற்றுத் தளர்ந்திருந்ததற்கான அறிகுறிகள்கூடத் தென்பட்டன. "இவ்வளவு விளம்பரம் செய்கிறார்கள் என்றால் இதை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் போலும்" என்ற எண்ணத்தை அவை மறைமுகமாக விதைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. உங்கள் காணொளியை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள். "பெரும்பாலானோர் விதியை மீறுகிறார்கள்" என்று தொடங்கியிருந்தால், மீறுவதுதான் வழக்கம் என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

அதே நாட்டில், அதே வயதினரை நோக்கி 2000ஆம் ஆண்டு தொடங்கிய "ட்ரூத்" என்ற புகையிலை எதிர்ப்புப் பிரசாரம், புகைக்காதே என்று அறிவுரை சொல்வதைத் தவிர்த்துவிட்டு, புகையிலைத் தொழில் எவற்றை மறைத்தது என்பதை எடுத்துக்காட்டியது. பதின்ம வயதின் எதிர்ப்புணர்வு அறிவுரை சொல்பவரை விட்டு ஏமாற்றியவர்மேல் திரும்பியது. 1999க்கும் 2002க்கும் இடையில் மாணவர்களிடையே புகைப்பழக்கம் 25.3 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. இதை ஆராய்ந்தவர்கள் அந்தச் சரிவில் ஏறத்தாழ 22 விழுக்காட்டை மட்டுமே பிரசாரத்தின் கணக்கில் எழுதினார்கள். முழுச் சரிவையும் உரிமை கொண்டாடும் அறிக்கைகளையே படித்துப் பழகிய நமக்கு இந்த அடக்கம் புதிது.

கேள்வி: ஊழியர்களையும் ஒரு குழுவாகக் கருதித் திட்டமிட வேண்டுமா?

வேண்டும்; அதுவும் முதல் குழுவாக. தாம் வேலை செய்யும் நிறுவனத்தின் முடிவைச் செய்தித்தாளில் படித்து அறியும் ஊழியர், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போது "எனக்கே தெரியாது" என்பார். அந்த ஒரு வாக்கியம் உங்கள் செய்தியாளர் சந்திப்பை வீணாக்கிவிடும்.

கேள்வி: சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. மதிப்பீட்டுக்கென்று தனி நிதி இல்லை. என்ன செய்யலாம்?

மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை மதிப்பீட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அது இயலாவிட்டால், அச்சுக்குப் போகும் முன் நடத்தும் முன்சோதனையை மட்டுமாவது விடாதீர்கள். உதவித்தொகைத் திட்டம் ஒன்றுக்காக நான் ஒரு துண்டறிக்கை எழுதினேன். "உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலரை அணுகவும்" என்பது அதன் கடைசி வரி. எட்டுப் பேரைத் தனித்தனியே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, புரிந்ததா என்று கேட்காமல், "நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். முதலில் வந்த அம்மாள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எங்க போகணும்னு போடலையே" என்றார். எட்டில் ஐந்து பேர் அதே வரியில் தடுமாறினார்கள். மூன்று ஆவணங்களின் பெயரையும், அறை எண்ணையும், அலுவல் நேரத்தையும் போட்டு மாற்றி எழுதினேன். புரிந்ததா என்று கேட்டிருந்தால் எட்டுப் பேருமே தலையாட்டியிருப்பார்கள். ஆகவே உங்கள் முன்சோதனையிலும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.