நிறத்தைப் பார்க்காதீர்கள், தட்டிய தடத்தைப் பாருங்கள்

(கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறைக்குப் போய் வந்த நண்பர்கள் பழைய மட்கலங்களைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள். நான் தர்மபுரிப் பக்கம் குயவர் வீட்டில் பிறந்தவன். பிறகு தொல்லியல் படித்தேன்.)

பர்கூர் ஆசிரியை: ஐயா, நம் கறுப்பு சிவப்புப் பானை போலவே எகிப்திலும் உண்டாமே. அங்கிருந்து வந்ததா?

உண்டு டீச்சர். அங்கே படாரியில் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே வாய்ப்பக்கம் கறுத்த சிவப்புக் கலங்கள் செய்தார்கள். ஆனால் நிறத்தை வைத்து உறவு கொண்டாட முடியாது. களிமண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. காற்றுப்பட வெந்தால் சிவக்கும், காற்றில்லாமல் புகையில் வெந்தால் கறுக்கும். பானையைக் கவிழ்த்து, உள்ளே தழை அடைத்துச் சுட்டால் உள்ளும் வாயும் கறுப்பு, வெளியே சிவப்பு. சூளை வைத்துப் பழகியவர்கள் எந்த நாட்டிலும் இதைத் தாமாகவே கண்டிருக்கலாம்.

இரும்புக் காலத்தோடுதான் இந்தக் கலம் இங்கே வந்தது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். மயிலாடும்பாறை அகழாய்வு அதை மாற்றியது. அங்கே கிடைத்த இரும்பின் காலமே கி.மு. 2172 வரை போகிறது. கறுப்பு சிவப்புக் கலமோ அதற்கும் முந்தைய புதிய கற்காலக் கடைசியிலேயே தொடங்கிவிட்டது.

ஊத்தங்கரை மாணவர்: அப்போ எல்லாரும் தனித்தனியாதான் கண்டுபிடிச்சாங்களா அண்ணா?

பானையைப் பல இடங்களில் தனித்தனியாகத்தான் தம்பி. சீனாவின் சியான்ரென்டாங் குகை ஓடுகளுக்கு ஏறக்குறைய 20,000 வயது. ஆப்பிரிக்காவின் மாலியில் 11,000 ஆண்டுக்கு மேல். சக்கரம் அப்படியில்லை. அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் போகும்வரை குயவர் சக்கரமே கிடையாது. அது இல்லாமலே மாயா மக்கள் செய்த கலங்களைப் படத்தில் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பாலக்கோடு நண்பர்: தொழில் கைமாறியது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வடிவத்தையும் கோலத்தையும் சந்தையில் பார்த்தே செய்துவிடலாம். கைப்பழக்கம் அப்படி வராது. அப்பா சக்கரத்தில் எழுப்பிய பானைக்கு அடி இருக்காது. கொஞ்சம் இறுகியதும் உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார். எத்தனை பானையை நான் கிழித்திருப்பேன்! பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் அந்தத் தட்டு கைக்கு வரும்.

9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பாஸ்ராக் குயவர்கள் சீன வெள்ளைக் கலங்களைப் பார்த்தார்கள். அந்த வெள்ளை மண் அவர்களிடம் இல்லை. தங்கள் மண்ணிலேயே செய்து, வெள்ளீயம் கலந்த பூச்சால் மூடினார்கள். வந்தது பானை மட்டும், கை வரவில்லை. கொரியாவில் நடந்தது வேறு. 1592 முதல் 1598 வரை நடந்த போரில் ஜப்பானியர் அங்கிருந்த குயவர்களையே பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பானின் அரிட்டா ஊரில் பீங்கான் பிறந்தது அந்தக் கைகளால். ஊரைவிட்டுப் பறிக்கப்பட்டவர்களின் தொழில் அது. எனக்கு அந்தக் கலங்களை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

அரூர் வாசகர்: அரிக்கமேட்டு ரௌலட்டட் கலம் ரோமானியருடையதுதானே?

உள்ளே அடியில் வட்ட வட்டமாகச் சிறு கோடுகள் பதித்த கலம் அது. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் மத்தியதரைக் கடல் பக்கம் கைகாட்டினார். பின்னால் மண்ணைச் சோதித்தபோது அது இந்திய மண் என்று தெரிந்தது. இந்தோனேசியாவில் பாலித் தீவின் செம்பிரான் வரை அந்தக் கலம் போயிருக்கிறது.

ஓசூர் விவசாயி: எங்க நிலத்துல ஓடு கிடைக்குதுங்க. என்ன பார்க்கணும்?

தோண்டாதீர்கள். மேலே கிடப்பதைக் கிடந்த இடத்திலேயே படம் பிடித்து, கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். உள்பக்கமும் தெரியும்படி எடுங்கள். வரிவரியாகச் சுற்றியிருந்தால் சக்கரம் ஓடிய தடம். சின்னச் சின்னக் குழியாக இருந்தால், யாரோ உள்ளே கல்லை அணைத்துத் தட்டியிருக்கிறார்கள்.