ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அக்குபங்சர் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 36. பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள். திருச்சியில் ஒரு மெடிக்கலில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மாவின் மூட்டுவலி அக்குபங்சரில் நன்றாகக் குறைந்ததைப் பார்த்ததும், இதையே தொழிலாகக் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. ஞாயிறு மட்டும் வகுப்பு, ஒரு வருடம், முப்பதாயிரம் ரூபாய் என்கிறார்கள். ஊசியே வேண்டாம், விரலால் தொட்டாலே போதுமாம். முடித்தால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாமாம். சேரலாமா? இல்லை, சீனாவுக்கே போய்ப் படிப்பதுதான் சரியா?

பதில்: 'டாக்டர் அம்மா' என்று கடிதத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. பிசியோதெரபி படித்துவிட்டு, அப்புறம் இந்தப் பக்கம் வந்தவள். உங்கள் கேள்வியில் இருக்கிற முதல் சிக்கலும் இதுதான் என்பதால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் ஓர் ஆணை போட்டது. பதிவுபெற்ற மருத்துவர்களோ, தகுந்த பயிற்சி பெற்றவர்களோ அக்குபங்சர் செய்யலாம் என்றது. சித்தா, ஆயுர்வேதம் போன்ற முழு மருத்துவ முறையாக அதை ஏற்கவில்லை. 'டாக்டர்' என்ற சொல் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்களுக்குத்தான் என்பதும் அதே ஆணையில் இருக்கிறது. 2019இல் வந்த இன்னோர் ஆணை அக்குபங்சரைத் தனியொரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனால் கூடவே டாக்டர் பட்டம் எதுவும் வரவில்லை. மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதற்கென்று தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. ஆக, சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டலாம், போர்டில் 'டாக்டர்' என்று எழுதக் கூடாது. எழுதச் சொல்லித்தருகிற இடம் வேறு எதையெல்லாம் சொல்லித்தருமோ என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'தகுந்த பயிற்சி' என்றால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில், மருத்துவர் அல்லாதவர்களுக்கு 2,500 மணி நேரம் சொல்லியிருக்கிறது. அதில் குறைந்தது 1,000 மணி நேரம் செய்முறைக்கும் நோயாளிகளோடு பழகுவதற்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 3,000 மணி நேரம் கேட்கிறது. உங்கள் ஞாயிறு வகுப்பை விடுமுறையே இல்லாமல் 50 வாரம், வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 300தான் வருகிறது. ஊசி குத்தும் புள்ளிகளின் பெயரை மனப்பாடம் செய்யவே அது காணாது. உடல் நெடுக ஓடுவதாகச் சொல்கிற கோடுகளில் (மெரிடியன்) இருக்கிற புள்ளிகள் மட்டும் 361.

மனப்பாடம்கூட எப்படியோ ஆகிவிடும். விரல் பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழே இருக்கிற 'ட்சு சான் லீ' என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேச்சில் வயிறு 36, அதாவது வயிற்றின் பெயரில் இருக்கிற கோட்டில் 36ஆவது புள்ளி. முட்டிச் சில்லுக்குக் கீழே வெளிப்புறமாக ஒரு குழி இருக்கும். அதிலிருந்து நான்கு விரல் அகலம் இறங்கி, கணைக்கால் முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ள வேண்டும். யாருடைய விரல்? நோயாளியுடைய விரல். புதிதாக வருகிறவர்கள் தங்கள் கையை வைத்து அளந்துவிட்டு, குள்ளமான பாட்டிக்கு ஓர் அங்குலம் தள்ளிக் குத்துவார்கள். ஊசி சரியாக இறங்கினால் சுருக்கென்ற குத்தல் ஒரு கணத்தில் போய், கனமாக, மரத்தாற்போல ஓர் உணர்வு கால் வழியாக இறங்கும். சீனர்கள் அதை 'தே ச்சி' என்பார்கள். நம் நோயாளிகள் "கரண்ட் ஓடுற மாதிரி இருக்குக்கா" என்பார்கள். மடித்த காகித அட்டையில், பஞ்சு உருண்டையில், பிறகு என் காலிலேயே குத்திக் குத்தித்தான் எனக்கு இது பிடிபட்டது.

சீனாவில் 1027இல் வாங் வெய்யி என்பவர் வெண்கலத்தில் ஆளுயரப் பொம்மை செய்ய வைத்தார். புள்ளிகளில் ஓட்டை போட்டு, மேலே மெழுகு பூசி, உள்ளே திரவம் நிரப்புவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் சொட்டும், தவறினால் ஊசி இறங்காது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே தேர்வு அப்படி. நீங்கள் சேர நினைக்கிற இடத்தில் தேர்வு எப்படி என்று கேளுங்கள். 'சரியா, தவறா' தாள்தான் என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

தொடு சிகிச்சையால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்குப் பலன். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4தான். படுக்கை, அமைதி, ஒருவர் அரை மணி நேரம் நம்மைக் கவனிப்பது, இவற்றுக்கும் பங்கு இருக்கிறது என்பதை என் தொழிலில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொடுவதில் எனக்குச் சண்டை இல்லை. கூடவே "சுகர் மாத்திரையை நிறுத்திடுங்க" என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அங்கேதான் சண்டை. மெடிக்கலில் இருக்கிற உங்களுக்கு இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வகுப்பில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், கட்டிய பணம் போனாலும் சரி.

சீனாவில் இது ஐந்து வருடப் பட்டப்படிப்பு. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு ஊர்களில் 1956இல் கல்லூரிகள் தொடங்கினார்கள். சீன மொழி தெரியாமல் உள்ளே போனால் வார்டில் நிற்கத்தான் முடியும். திரும்பி வந்து அந்தப் பட்டத்தை வைத்து இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே சீன மருத்துவம் படித்தவர்களுக்குச் சட்டப்படிப் பதிவு இருக்கிறது.

அங்கே மூலிகையும் சேர்த்துப் படிப்பார்கள். தாவரவியல்காரி என்பதால் உங்களுக்கு அதில் கண் போகும். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில், பெயர் ஒத்த இன்னொன்று கலந்துவிட்டது. ஏறக்குறைய நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. கலந்தது அரிஸ்டோலோகியா, நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் பேரினம். மூலிகையைத் தொடாதீர்கள், ஊசியோடு நில்லுங்கள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருடம், அக்குபங்சரும் பாடத்தில் உண்டு. உங்கள் வயதில், வேலையோடு, அது நடக்காது. உங்களுக்கு நான் சொல்வது: உடற்கூறு ஒழுங்காக நடத்துகிற, ஊசி போடுகிற, தினமும் நோயாளிகள் வருகிற ஓர் இடத்தில் இரண்டு வருடம் உட்காருங்கள். டிப்ளமோ அவர்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. தோள்மேட்டில் இருக்கிற பித்தப்பை 21 என்ற புள்ளியைக் காட்டி, "இதற்குக் கீழே என்ன இருக்கிறது?" என்று அங்கே கேட்டுப் பாருங்கள். "நுரையீரலின் நுனி, அதனால் நேராக ஆழமாகக் குத்த மாட்டோம்" என்று பதில் வந்தால் சேருங்கள். சக்தி, பிரபஞ்சம் என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் மாதம், கழுத்துவலியோடு ஓர் ஆட்டோக்காரர் வந்தார். ஸ்டூலில் உட்கார வைத்தே இரண்டு ஊசி போட்டேன். "அக்கா, கண்ணு இருட்டுது" என்றார். முகமெல்லாம் வேர்த்து அப்படியே சரிந்தார். என் ஆசிரியர் ஓடிவந்து ஊசிகளை உருவி, படுக்க வைத்து, கால் இரண்டையும் தலையணைமேல் தூக்கி வைத்தார். ஐந்து நிமிடத்தில் ஆள் தெளிந்துவிட்டார். காலையிலிருந்து வெறும் டீயோடு வண்டி ஓட்டியிருக்கிறார். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் படுக்க வைத்துத்தான் ஊசி. அதற்கு முன் இரண்டு கேள்வி: சாப்பிட்டீர்களா, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு நோயாளி நீட்டுகிற கசங்கிய சீட்டைப் படிப்பதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவரை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். மெடிக்கல் வேலையை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள்.