எல்லாம் தானியங்கி ஆன பிறகு இறால் பண்ணைக்கு ராத்திரி ஆள் எதற்கு?

தொண்டிப் பக்கம் பண்ணை, குளத்து நீரில் ஆக்சிஜன் குறைந்தால், காற்றைக் கலக்கும் ஏரியேட்டரைத் தானே போடும் பெட்டி மாட்டியாச்சு, இனி ராத்திரி ஆள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும், அதுவும் முன்பைவிட விவரமான ஆள்.

நானும் அந்தக் கரையில் ராத்திரி வேலை பார்த்தவன்தான். ஒருநாள் திரையில் ஆக்சிஜன் அளவு 5.2 என்றே நின்றது, ஒன்பது மணிக்கும் அதே, மூன்று மணிக்கும் அதே, எனக்கோ நிம்மதி. பக்கத்துக் குளத்து அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இருட்டினா பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், விடிய விடிய அளவு இறங்கத்தானே வேணும், இது எப்படி அப்படியே நிக்குது?” என்றார். டார்ச் அடித்தால் இறால் கரையோரம் மேலே வந்து திணறுகிறது! சென்சார் ஒயரை உப்பு அரித்துவிட, பெட்டி கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே இதை எழுதிவிட்டார்: எளிய வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, அது கைவிடும் சிக்கலான நேரத்தை மட்டும் மனிதனிடம் தள்ளுகிறது, ஆனால் அதற்கான தினசரிப் பழக்கம் அவனுக்குப் போய்விட்டிருக்கும். சும்மா திரையை வெறித்துப் பார்ப்பதும் உதவாது, அரை மணி நேரத்தில் கவனம் மங்கிவிடும் என்று 1948லேயே மேக்வொர்த் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார்.

அதனால் ஆளைத் திரை முன் உட்கார வைக்காதீர்கள். விடியும் முன் கை மீட்டரால் அளந்து பெட்டி சொல்வதோடு ஒப்பிடச் சொல்லுங்கள், வாரம் ஓர் இரவு ஏரியேட்டரை அவர் கணிப்பிலேயே ஓட்ட விடுங்கள். அப்புறம், அந்த ஒயரையும் பாருங்கள்.