டிபிஎஃப் விளக்கு எரியும் பழைய எக்ஸ்3 டீசலை வாங்கலாமா?

2019 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்3 டீசலில் டிபிஎஃப் எச்சரிக்கை வருகிறது, விற்பவர் “வெறும் சென்சார்தான்” என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. அது நிரம்பியதும் வண்டியே கூடுதல் டீசல் செலுத்தி, வெப்பத்தைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றிக் கரியை எரித்துவிடும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தினமும் நெரிசலில் ஐந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் இந்த வேலை பாதியிலேயே நின்றுவிடும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். அதனால் ஆயில் மட்டம் அதிகபட்சக் குறியைத் தாண்டியிருந்தால் எனக்கு அந்த வண்டியே வேண்டாம்.

சென்சார் கெடுவதும் உண்டுதான். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுக் கரி அளவையும் சாம்பல் அளவையும் தனித்தனியாகப் பாருங்கள். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. சாம்பல் நிறைந்திருந்தால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் டயர். நான்கும் ஒரே மாதிரி, ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.

உங்கள் ஓட்டம் ஊருக்குள் மட்டும் என்றால் பெட்ரோல் எக்ஸ்3 தேடுங்கள்.