நானோ காந்தங்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

இரும்பு ஆக்சைடு நானோ துகள்களோடுதான் ஆய்வகத்தில் என் பொழுது போகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

காந்தத்தை உடைத்தால் இரண்டு காந்தம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தேன். உடைத்துக்கொண்டே போனால்? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்)

அருமையான கேள்வி தம்பி. மேக்னடைட்டை, அதாவது காந்தமாகும் கறுப்பு இரும்பு ஆக்சைடை, எடுத்துக்கொள்வோம். சுமார் 80 நானோமீட்டருக்குக் கீழே போனால் ஒரு துகள் முழுக்க ஒரே டொமைன்தான், அதாவது காந்தம் ஒரே திசையில் நிற்கும் ஒரே பகுதிதான். 25, 30 நானோமீட்டருக்கும் கீழே போனால் அறையின் வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிப்போடும். வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் காட்டினால் எல்லாத் துகள்களும் அந்தப் பக்கம் திரும்பும், எடுத்துவிட்டால் கலைந்துவிடும். சூப்பர்பாராமேக்னடிசம் என்பது இதுதான்.

பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1949-இல் தந்த சமன்பாட்டில், திசை புரள எடுக்கும் நேரம் துகளின் கன அளவோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. ஒரு துகள் புரள ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது என்று வையுங்கள். அதன் விட்டத்தை வெறும் 10 சதவீதம் கூட்டினால், வழக்கமான மதிப்புகளைப் போட்டுப் பார்க்கையில், மூன்று நாளுக்கு மேல் ஆகும்! முதல்முறை இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. துகள்களை ஒரே அளவில் செய்ய நாங்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்பதும் இதிலிருந்து புரியும்.

கோ-பிரெசிபிடேஷன் முறையில் (இரும்பு உப்புக் கரைசலில் காரம் சேர்த்துப் படியவைப்பது) செய்த கறுப்புப் பொடி இரண்டு வாரத்தில் பழுப்பாகிவிட்டது. என்ன தவறு? (எம்.எஸ்சி. மாணவி)

காற்று பட்டு மேக்னடைட் மேகமைட்டாக, அதாவது பழுப்பு நிற இரும்பு ஆக்சைடாக, மாறியிருக்கும். ஃபெரிக் (Fe3+), ஃபெரஸ் (Fe2+) அயனிகள் 2:1 விகிதத்தில் இருக்க வேண்டும் இல்லையா? ஃபெரஸ் உப்பு பழையதாக இருந்தால் தொடக்கத்திலேயே அந்த விகிதம் கெட்டுவிடும். கரைசலில் நைட்ரஜனை ஓடவிடுங்கள், துகளுக்கு ஒலிக் அமிலப் பூச்சு கொடுங்கள். எக்ஸ்.ஆர்.டி.யை (எக்ஸ் கதிர் கொண்டு படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) மட்டும் நம்பி 'மேக்னடைட்' என்று எழுதிவிடாதீர்கள். இரண்டின் கோடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். இரும்பு அயனிகளைப் பிரித்துக் காட்டும் மாஸ்பவர் நிறமாலை எடுத்தால் தெளிவாகும்.

மேக்னடைட்டின் செறிவுக் காந்தமாக்கல் (அதிகபட்சக் காந்தத் திறன்) புத்தகத்தில் 92 இ.எம்.யு./கிராம். எனக்கு 58 தான் வருகிறது. (ஆய்வு மாணவர்)

பயப்பட வேண்டாம். 92 என்பது பெரிய கட்டி மேக்னடைட்டின் மதிப்பு. சின்னத் துகளில் மேற்பரப்பு அணுக்களின் ஸ்பின்கள் (அணுவின் குட்டிக் காந்தங்கள்) ஒரே திசையில் ஒழுங்காக நிற்காது, அதனால் மதிப்பு குறையும். அப்புறம், எடை போடும்போது ஒலிக் அமிலத்தையும் சேர்த்தே போட்டிருப்பீர்கள். டி.ஜி.ஏ. (சூடாக்கி எடை இழப்பை அளக்கும் சோதனை) எடுத்துப் பூச்சின் எடையைக் கழித்துப் பாருங்கள். கழிக்காமல் வெளியிடுவது சரியல்ல.

இயற்கையில் இப்படி ஏதாவது உண்டா? (இல்லத்தரசி)

உண்டு அம்மா! சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் உடலுக்குள்ளேயே மேக்னடைட் படிகங்களைச் சரமாகக் கோத்து வைத்திருக்கின்றன. 1975-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரிச்சர்ட் பிளேக்மோர் இவற்றைப் பற்றி எழுதினார். திசைகாட்டி ஊசிபோல் பூமியின் காந்தப்புலத்தோடு ஒட்டி நீந்தும். அந்தப் படிகங்களின் அளவு பெரும்பாலும் 35 முதல் 120 நானோமீட்டர். திசையை மறக்காத அளவு!

எங்கள் கல்லூரியில் வி.எஸ்.எம். (காந்தத் திறனை அளக்கும் கருவி) இல்லை. (பலர்)

சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் (SAIF) என்ற பொதுக் கருவி மையத்தில் கட்டணம் கட்டி சாம்பிள் கொடுக்கலாம். உலர்ந்த பொடியாக, எடையைக் குறித்து அனுப்புங்கள்.