12 மணி நிழல் வடக்கைக் காட்டுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தோட்டத்தில் வீடு கட்டுகிறோம். வாசல் நேர் கிழக்கே பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பிப்ரவரி 10ஆம் தேதி மதியம் சரியாக 12 மணிக்கு மேஸ்திரி ஒரு குச்சி நட்டார். அதன் நிழலைத் தென்வடல் கோடாக வைத்துக் கயிறு கட்டினார். போன் திசைகாட்டியில் பார்த்தால் அந்தக் கோடு 15 டிகிரி மேற்கே சாய்ந்திருக்கிறது. எதை நம்புவது? இன்னும் கடைக்கால் தோண்டவில்லை."

தோண்டுவதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லதாயிற்று. இந்த விஷயத்தில் போன்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிழலை வைத்துத் திசை பார்ப்பது நல்ல முறை, மேஸ்திரியைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் நிழலைப் பிடிக்க வேண்டும். அன்று பாலக்கோட்டில் சூரியன் உச்சிக்கு வந்தது 12.32க்கு. அரை மணி முன்பே கோடு போட்டுவிட்டார்கள். சூரியன் அப்போது இன்னும் கிழக்கே இருந்ததால் நிழல் மேற்கே சாய்ந்தது. கணக்குப் போட்டால் சுமார் 17 டிகிரி. காந்த ஊசியும் நம் பக்கம் ஒன்று, இரண்டு டிகிரி மேற்கே இழுக்கும் என்பதால் உங்கள் போனில் 15 என்று தெரிந்திருக்கிறது. 40 அடிச் சுவர் என்றால் மறுமுனை 12 அடி விலகிப் போகும்.

அந்த 32 நிமிடம் எங்கிருந்து வந்தது? அதில் ஏறக்குறைய 18 நிமிடம் நம் கடிகாரத்தின் வரலாற்றிலிருந்து வருகிறது.

இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அந்தக் கோடு உத்தரப்பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே போய், ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் கடலில் இறங்குகிறது. பாலக்கோடு இருப்பது 78 டிகிரியை ஒட்டி. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். நாம் அந்தக் கோட்டுக்கு நாலரை டிகிரி மேற்கே இருப்பதால், அங்கே உச்சிக்கு வந்த சூரியன் இங்கே வர இன்னும் 18 நிமிடம் ஆகிறது. கிருஷ்ணகிரிக்கு 17, ஓசூருக்கு 19.

முன்பு இவ்வளவு வித்தியாசம் இல்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையை வைத்து நேரம் குறித்தார். அதுதான் மெட்ராஸ் நேரம், இன்றைய நேரத்துக்கு 9 நிமிடம் பின்தங்கியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வேறு வேறு நேரம் இருந்த காலத்தில், இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் ரயில்வே இந்த மெட்ராஸ் நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டது. அந்தக் கடிகாரத்தில் 12 மணிக்கு நிழல் பார்த்திருந்தால் கடிகாரத்தால் நம் ஊருக்கு வரும் பிசகு 9 நிமிடம்தான். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது, பிசகு இரட்டிப்பானது. உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அந்த மூன்று வருடமும் நமக்கு உச்சிப்பொழுது ஒரு மணிக்கு மேல்தான். வீட்டில் அந்தக் காலத்து ஜாதகம் இருந்தால் பிறந்த நேரத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

சரி, மீதி 14 நிமிடம்? அது சூரியக் கணக்கு. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் தாமதமாகவும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தியும் உச்சிக்கு வரும். ஐப்பசியில் இதே மேஸ்திரி இதே 12 மணிக்குக் குச்சி நட்டிருந்தால் கோடு ஏறக்குறைய சரியாக விழுந்திருக்கும். பல வீடுகளில் இந்த முறை பலித்து, சில வீடுகளில் கோணிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கடிகாரமே வேண்டாம். தரையை மட்டம் பார்த்து, மூன்றடிக் கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். காலை பத்தரை வாக்கில் நிழலின் நுனியில் ஓர் ஆணி அடியுங்கள். கம்பிலிருந்து அந்த ஆணி வரை கயிறு பிடித்து ஒரு வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி, மறுபடி நீண்டு, மதியம் இரண்டரையைத் தாண்டி அதே வட்டத்தைத் தொடும். அங்கே இரண்டாவது ஆணி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்கு மூலைமட்டம் வைத்து 3, 4, 5 அடிக் கணக்கில் செங்குத்துப் போட்டால் தென்வடல். நம் பழைய சிற்பிகளின் சங்கு முறை இதுதான், எந்த அரசாங்கம் எந்த நேரத்தை வைத்தாலும் மாறாது.

மதியம் இரண்டரை வரை காத்திருக்க முடியாதென்றால், பாலக்கோட்டின் சூரிய உதய, அஸ்தமன நேரங்களுக்கு நடுப்பொழுதைக் கண்டுபிடித்து அந்த நிமிடம் நிழலைக் குறியுங்கள். உதயம் 6.41, அஸ்தமனம் மாலை 6.23 என்றால் நடு 12.32. சென்னைக்கு அச்சிட்ட காலண்டரைப் பார்த்துவிடாதீர்கள், 9 நிமிடம் தப்பும்.

வேலை தள்ளிப்போனால் இன்னொன்று. ஏப்ரல் 22 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 20 வரை உச்சிப்பொழுது நிழல் தெற்கே விழும். கோடு அதேதான், அதன் எந்த முனை வடக்கு என்பதில் மட்டும் குழம்பிவிடாதீர்கள். போனை வைத்துச் சரிபார்க்கும்போது கட்டுக்கம்பி, பைக், போர் மோட்டார் எல்லாவற்றையும் விட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள்.